பெரியம்மாவின் மெட்டு

எங்கள் தோட்டத்தில் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் என்ற பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் எழுதிய பாட்டைப் பாடாத வீடும் எங்கள் லயத்தில் இருந்ததில்லை. அவை எங்களுக்கு எம்.ஜி.ஆர். பாட்டுகள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் டி.எம்.எஸ். பாட்டு என்பார்கள். பாடகருக்கும் பின்னால் ஒருவர் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார் என்ற நினைப்பே எங்களுக்கு வந்ததில்லை. அந்தப் பெயர் எனக்குத் தெரிய வந்தது ஆசிரியர் பயிற்சிக்குப் போன பிறகுதான்.

இன்று கைப்பேசியில் எந்தப் பாட்டைத் தட்டினாலும் படம், ஆண்டு, இசை, பாடலாசிரியர் என்று எல்லாம் வந்து நிற்கிறது. எங்கள் பக்கத்துத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் 'மக்கள் கவிஞர்' என்பது தெரியும். 1930 இல் பிறந்தார், 1959 அக்டோபரில் மறைந்தார் என்று ஒப்பிக்கவும் செய்வார்கள். அந்தப் பாட்டு ஒலித்த லயங்கள்தான் இல்லை. பெயர் தெரியாத காலத்தில் பாட்டு வாயில் இருந்தது. பெயர் தெரிந்த காலத்தில் அது கருவியில் இருக்கிறது. இந்த இடமாற்றம் என்னை வெகுநாளாக உறுத்துகிறது.

நான் பிறந்த தோட்டம் ஈஜோக்குக்கும் பத்தாங் பெர்ஜுந்தைக்கும் நடுவில் இருந்தது. பத்தாங் பெர்ஜுந்தை இப்போது பெஸ்தாரி ஜெயா. கோலசிலாங்கூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மெலாவத்திக் குன்றின் கலங்கரை விளக்கமும், கம்போங் குவாந்தான் ஆற்றங்கரை மின்மினிகளும், சிகிஞ்சான் வயல்களும் நினைவுக்கு வரும். எங்களுக்கு அது பால்மரமும் செம்பனையும்தான். மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் எங்கள் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917 இல் போடப்பட்டது. அதைப் போட்ட பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபொகோனியே பிறகு மலாயாவைப் பற்றி ஒரு நாவல் எழுதி, 1930 இல் பிரான்சின் பெரிய இலக்கியப் பரிசான கோன்கூரை வாங்கினார். எங்கள் மண்ணும் எங்கள் சனமும் அதில் வருகிறார்கள். ஆனால் எங்கள் லயத்தில் யாரும் அதைப் படித்ததில்லை. எங்கள் வாயில் நின்றவர் அதே 1930 இல் கடலுக்கு அந்தப் பக்கம் செங்கப்படுத்தான்காடு என்ற கிராமத்தில் பிறந்த ஓர் உழவர் வீட்டுப் பிள்ளை.

அந்தப் பிள்ளையின் பாட்டு எங்களிடம் வந்து சேர்ந்தது திரைத்துணி வழியாக. சம்பளம் போட்ட பிறகு வரும் சனிக்கிழமை இரவு, திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். பாய், கோணி, முக்காலி என்று கையில் கிடைத்ததைக் கொண்டுபோய் இடம் பிடிப்போம். கிராணி வீட்டாருக்கு மட்டும் நாற்காலி. 'நாடோடி மன்னன்' 1958 இல் வந்த படம். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலும் அது எங்கள் திடலுக்குத் திரும்பத் திரும்ப வந்தது. அதில் பானுமதியும் டி.எம்.எஸ்ஸும் மாறி மாறிப் பாடும் ஒரு பாட்டு உண்டு. காடும் கழனியும் விளைந்து கிடக்கும்போது பாடுபட்டவனுக்கு என்ன மிஞ்சுகிறது என்று பெண் கேட்கிறாள், ஆண் பதில் சொல்கிறான். அந்த இடம் வந்ததும் கூட்டம் சலசலப்பை நிறுத்திவிடும். மறுநாள் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவதற்கு முன்னால் அதே பாட்டு நாலு பேர் வாயில் இருக்கும்.

அந்தக் காலத்தை இப்போது நினைத்தால் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. 1948 முதல் 1960 வரை நாட்டில் அவசரகாலம். தொழிற்சங்கத்தில் இடதுசாரிப் பேச்சு பேசியவர்களெல்லாம் ஒடுக்கப்பட்டார்கள். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதியை 1949 மே 4 ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அவர் பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தம்பிக்கோட்டைக்காரர். கல்யாணசுந்தரமும் அதே வட்டாரம், அதே கொள்கை. விவசாயிகள் இயக்கத்தில் திரிந்தவர், 'ஜனசக்தி'யில் கவிதை எழுதியவர், புதுச்சேரியில் பாரதிதாசனிடம் இருந்து தமிழ் பழகியவர். ஒருவரைத் தூக்கில் போட்ட நாட்டில், மற்றவருடைய பாட்டைத் தோட்ட நிர்வாகமே தன் திடலில், தன் ஜெனரேட்டரைப் போட்டு எங்களுக்குக் காட்டியது. பாட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பங்களாவில் யாருக்கும் தெரியவில்லை. கேட்டவர்களுக்குத் தெரிந்தது.

கேட்டவர்களில் ஒருவர் என் பெரியம்மா. என் அம்மாவுக்கு மூத்தவர், பதினாலு வயதில் உளியைக் கையில் எடுத்தவர். விடியுமுன் நாலரைக்கு எழுந்து, நெற்றி விளக்கைக் கட்டி, கொசுவத்திச் சுருளை இடுப்பில் தொங்கவிட்டு நிரைக்குப் போவார். மரம் சீவி, மங்கில் வடிந்த பாலைக் காண்டா வாளியில் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்ப மதியமாகிவிடும். சாயங்காலம் ஆட்டுக்கல்லின் முன்னால் உட்கார்ந்தால் பாட்டு தானாக வரும். குரல் இனிமையானது என்று சொல்ல முடியாது. கீழ்ச்சுருதி, கரகரப்பு. மேலே போகிற இடங்களில் எட்டாது. எட்டாத இடத்தில் அவர் வம்படியாக ஏற மாட்டார். மெட்டைக் கீழே இறக்கி, தன் கைக்கு எட்டுகிற வழியாக அழைத்துக்கொண்டு போவார். குழவி ஒரு சுற்று சுற்றி வரும் நேரம்தான் அவருக்குத் தாளம். டி.எம்.எஸ். இரண்டு மூச்சில் முடிக்கிற வரி அங்கே நாலு மூச்சு எடுத்துக்கொள்ளும்.

அந்தப் படத்திலேயே இன்னொரு பாட்டு. தூங்கிக் காலத்தைத் தொலைக்காதே என்று இளையவனுக்குப் புத்தி சொல்வது. எஸ்.எம். சுப்பையா நாயுடுவின் மெட்டு, டி.எம்.எஸ். குரலில் அது தட்டி எழுப்பும். பெரியம்மா அதைத் தாலாட்டாக்கிவிட்டார். இரவில் தொட்டிலை ஆட்டிக்கொண்டு, அதே சொற்களை அவ்வளவு மெதுவாக, அவ்வளவு தாழ்வாகப் பாடுவார். 'தம்பி' வருகிற இடத்தில் தொட்டிலில் கிடக்கிற பிள்ளையின் பெயரை வைப்பார். தூங்காதே என்று சொல்லும் பாட்டைக் கேட்டுப் பிள்ளை தூங்கிப்போகும். சிறுவயதில் எனக்கு அதில் விசேஷம் எதுவும் தெரியவில்லை. நான் முதலில் கேட்டதே அப்படித்தான். படத்தில் கேட்டபோதுதான், ஏன் இவ்வளவு அவசரமாகப் பாடுகிறார்கள் என்று தோன்றியது.

இப்போது அதை யோசிக்கிறேன். நாலரைக்கு எழ வேண்டியவர் அவர். பிள்ளைகளையும் அந்நேரத்துக்கே எழுப்பி, தூக்கக் கலக்கத்தோடு ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போக வேண்டும். அப்படிப்பட்டவருக்குத் தூங்காதே என்று பிள்ளையிடம் சொல்ல எப்படி மனம் வரும்? கவிஞர் சோம்பலைக் கண்டித்து எழுதினார். எங்கள் லயத்தில் சோம்பல் என்று ஒன்று இருக்கவில்லை, தூக்கக்குறைதான் இருந்தது. பெரியம்மா ஒரு சொல்லைத் தவிர வேறெதையும் மாற்றாமல் பாட்டின் பொருளையே திருப்பி வைத்தார். கவிஞரோடு அவர் சண்டை போடவில்லை. அவருடைய அக்கறையை எங்கள் லயத்து நடைமுறைக்குக் கொண்டுவந்தார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இவ்வளவையும் இப்போது எழுதத் தூண்டியது ஓர் அமெரிக்கப் பாட்டம்மாவின் இசைத்தொகுப்பு. பெட்டி லவெட் என்று பெயர். 1946 இல் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்து டெட்ராய்ட் நகரில் வளர்ந்தவர். கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டும் புளூஸும் கலந்து பிறந்த சோல் இசை அவருடையது. 1962 இல், பதினாறு வயதில், அட்லாண்டிக் நிறுவனத்துக்காகப் பாடிய முதல் இசைத்தட்டே வெற்றி. பிறகு வரிசையாகக் கதவுகள் மூடின. 1972 இல் அலபாமாவின் மசில் ஷோல்ஸில் ஒரு முழுத் தொகுப்பைப் பாடி முடித்தார். அதை வெளியிடாமலே அலமாரியில் வைத்துவிட்டார்கள். பிரான்சில் ஒருவர் தேடிக் கண்டெடுத்து அதை வெளியிட்டபோது ஆண்டு 2000. இடைப்பட்ட காலத்தில் பெரும்பாலும் சின்னச் சின்ன மேடைகளில் பாடியே பிழைத்திருக்கிறார். பெயர் திரும்ப வந்தபோது வயது அறுபதைத் தொட்டுவிட்டது.

2018 இல், எழுபத்திரண்டாவது வயதில், பாப் டிலன் எழுதிய பன்னிரண்டு பாட்டுகளை மட்டும் எடுத்து ஒரு தொகுப்பு முழுக்கப் பாடினார். டிலனை நம் வாசகர்களுக்குத் தெரியும், 2016 இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற பாட்டுக்காரர். உலகமே மனப்பாடமாக வைத்திருக்கும் பாட்டுகளும் அதில் உண்டு, அதிகம் பேர் அறியாதவையும் உண்டு. லவெட் அவற்றைப் பக்தியோடு தொட்டு நிற்கவில்லை. மெட்டை உடைத்தார், வேகத்தை மாற்றினார், தன் வாய்க்கு வராத சொல்லைத் தன் சொல்லாக்கிக்கொண்டார். காலம் மாறுகிறது என்று இளைஞராக டிலன் 1960-களில் முழங்கிய பாட்டை, அந்த மாற்றத்தில் எது வந்தது, எது வரவே இல்லை என்று ஐம்பது ஆண்டு பார்த்துவிட்ட ஒரு கறுப்பினப் பெண் பாடுகிறார். எழுத்து அதேதான், சாட்சி மாறிவிட்டது. என் மகன் கைப்பேசியில் அனுப்பியதை நான் சமையலறையில் வைத்துக் கேட்டேன். முதல் பாட்டிலேயே அடுப்பை அணைத்துவிட்டேன். ஆங்கிலச் சொற்கள் பாதி புரியவில்லை. குரல் இறங்கி வேறு வழியாகப் போகும் இடங்கள் எல்லாம் புரிந்தன. அவற்றை நான் ஆட்டுக்கல் பக்கத்தில் கேட்டிருக்கிறேன்.

ஒரே ஒருவரின் எழுத்தை எடுத்து அதில் முழுக்க இறங்குவது நம் மரபுக்குப் புதிதில்லை. டி.கே. பட்டம்மாள் பாரதியைத் தன் குரலாலேயே வீடுகளுக்குள் கொண்டுபோனார். 1947 இல் வந்த 'நாம் இருவர்' படத்தில் அவர் பாடிய பாரதி பாடல்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. எம்.எஸ். சுப்புலட்சுமி அறுபதைக் கடந்த பிறகு அன்னமாச்சாரியார் கீர்த்தனைகளைப் புதிதாகப் பாடம் செய்து பதிவு செய்தார். ஆனால் சினிமாப் பாடகர்களுக்கு அந்த உரிமை இருக்கவில்லை. இசையமைப்பாளர் கூப்பிடுவார், பாட்டு கைக்கு வரும், பாடிவிட்டு அடுத்த கூடத்துக்குப் போக வேண்டும். யாருடைய எழுத்தைப் பாடுவது, எந்த வயதில் பாடுவது என்பதெல்லாம் அவர்கள் கையில் இல்லை. டி.எம்.எஸ்ஸுக்கு அந்தச் சுதந்திரம் பக்திப் பாட்டில் கிடைத்தது. முருகன் பாடல்கள் பலவற்றுக்கு அவரே மெட்டுப் போட்டார். 'பட்டினத்தார்' படத்தில் 1962 இலும், 'அருணகிரிநாதர்' படத்தில் 1964 இலும் அந்தப் பாட்டுக்காரர்களாகவே நடித்து, அவர்கள் எழுதியதைத் தன் வாயாலேயே பாடினார். பட்டுக்கோட்டையாரை மட்டும் அவர் எப்போதும் எம்.ஜி.ஆர். போன்ற நடிகர்களின் வாய் வழியாகத்தான் பாட வேண்டியிருந்தது. 'நாடோடி மன்னன்', 'திருடாதே', 'அரசிளங்குமரி' என்று அடுத்தடுத்து வந்த அந்தப் பாட்டுகளை அவர் எழுபது வயதில், எந்த நடிகரின் முகத்துக்கும் பொருந்த வேண்டிய அவசியமில்லாமல், வரிசையாக எடுத்துப் பாடியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு ஏக்கமாகவே இருக்கிறது.

எண்பதுகளில் நானே ஒரு தொகுப்பு செய்தேன். அப்போது கிள்ளான் கடைகளில் வெற்றுக் காசெட்டையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்தால் பதிந்து தருவார்கள். நூலகத்தில் கிடைத்த பாடல் தொகுப்பை வைத்துக்கொண்டு, பட்டுக்கோட்டையார் எழுதியவை மட்டும் என்று பட்டியல் போட்டேன். கடைக்காரருக்கு அது விநோதமாக இருந்தது. எம்.ஜி.ஆர். தத்துவப் பாட்டு கேட்பார்கள், சிவாஜி சோகப் பாட்டு கேட்பார்கள், டி.எம்.எஸ்.-சுசீலா ஜோடிப்பாட்டு கேட்பார்கள்; எழுதியவரை வைத்து யாரும் கேட்டதில்லை என்றார். அந்தக் காசெட்டைக் கொண்டுபோய்ப் பெரியம்மாவிடம் போட்டுக் காட்டினேன். அப்போது பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை போட்டுவிட்டார்கள். உளியை வைத்துவிட்டு அவர் உதிரிப்பழம் பொறுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

இரண்டு பக்கமும் கேட்டு முடித்துவிட்டு, "இவ்வளவும் ஒரே ஆள் எழுதுனதா?" என்றார்.

"ஆமா பெரியம்மா. பட்டுக்கோட்டைக்காரரு. இருபத்தொம்பது வயசுல செத்துப் போயிட்டாரு."

"கல்யாணம் ஆயிருந்துச்சா?"

"ஆயிருந்துச்சு. கைக்குழந்தை வேற."

"எழுதுனதுக்குக் காசு ஒழுங்கா கொடுத்தாங்களாமா?"

படித்தவர்கள் யாரும் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. சம்பளத்துக்காக வரிசையில் நின்றவருக்குத்தான் அது முதலில் தோன்றும். திரையுலகில் சொல்லப்படும் ஒரு கதை எனக்குத் தெரிந்திருந்தது, அதைச் சொன்னேன். பாட்டுக்கான பணத்தைக் கேட்டுப் பட அதிபர் ஒருவரிடம் கல்யாணசுந்தரம் போயிருக்கிறார். எழுதுவதை எழுதிவிட்டுப் போ, பணம் நாளைக்கு, நாளை மறுநாளைக்கு என்று சொல்லி நிற்க வைத்திருக்கிறார் அவர். என்னை நில் என்று சொல்ல நீ யார் என்ற பொருளில் சில வரிகளை ஒரு தாளில் எழுதி மேசைமேல் வைத்துவிட்டு இவர் வெளியேறிவிட்டார். பணம் பின்னாலேயே வந்து சேர்ந்ததாம்.

பெரியம்மா சத்தமாகச் சிரித்தார். பிறகு என் தாத்தாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். 1941 இல் கிள்ளான் வட்டாரத்தில் ஆர்.எச். நாதன் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தம் சிலாங்கூர்த் தோட்டங்கள் பலவற்றுக்குப் பரவிய காலம், அப்போது சிறுமியாக இருந்த அவருக்கு நினைவிருந்தது. கூலி உயர்வோடு அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று, துரையும் கிராணியும் எதிரில் வரும்போது தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பது. பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, நாதனை நாடு கடத்தினார்கள். "உங்க தாத்தா அப்பறம் சைக்கிளே ஓட்டல. நடந்தே போவாரு. நடக்கிறவனை எறங்கச் சொல்ல முடியாதில்ல" என்றார். அன்று முதல் அந்தக் கவிஞர் அவருக்கு வேண்டியவராகிவிட்டார். பட்டுக்கோட்டைத் தம்பி பாட்டைப் போடு என்பார். எம்.ஜி.ஆர். பாட்டு என்று அவர் வாயிலிருந்து பிறகு வரவில்லை.

இனி இப்போதைக்கு வருகிறேன். லயங்களை இடித்துவிட்டார்கள். சனம் பெஸ்தாரி ஜெயாவுக்கும், புக்கிட் ரோத்தானுக்கும், இன்னும் தள்ளிக் கிள்ளானுக்கும் ஷா ஆலாமுக்கும் போய்விட்டது. செம்பனைக் குலையை இப்போது வெட்டுகிறவர்கள் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்த பிள்ளைகள். அவர்களும் வேலை நேரத்தில் கைப்பேசியில் ஏதோ பாட்டு போட்டுக்கொள்கிறார்கள். எழுதியவர் பெயர் அவர்களுக்குத் தெரியுமோ என்னவோ. எங்களுக்கென்று மிஞ்சியது மாரியம்மன் கோயில் ஒன்றுதான். ஆண்டுக்கொரு முறை தீமிதிக்கு எல்லோரும் கார் எடுத்துக்கொண்டு வருகிறோம். மூன்றாம் நாள் இரவு கோயிலடியில் மேடை போட்டு இசை நிகழ்ச்சி.

அந்த மேடைக்கு வரும் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். பின்னணி இசை கருவியிலிருந்து வரும், எழுத்து திரையில் ஓடும், பாடும் பையன் டி.எம்.எஸ்ஸின் ஒவ்வொரு சுழிப்பையும் அப்படியே கொண்டுவருவான். கண்ணை மூடினால் 1958. கைதட்டல் ஓய்வதற்கு நேரமாகும். இங்கே ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு டி.எம்.எஸ்., ஒரு சுசீலா, ஒரு எல்.ஆர். ஈஸ்வரி இருக்கிறார்கள்; அப்படித்தான் அறிவிப்பாளரும் அவர்களை அழைக்கிறார். இந்த உழைப்பை நான் மதிக்கிறேன். சாதகம் இல்லாமல் அது வராது. ஆனால் எனக்கு அதில் ஒரு பெரிய இழப்பு தெரிகிறது. அந்தப் பையனுக்கு வேறு ஒரு குரல் இருக்கிறது. அவன் அப்பா லாரி ஓட்டினார், பாட்டி பால் வெட்டினார், அவன் ராவாங்கில் தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கிறான். பாடுபட்டவனுக்கு என்ன மிஞ்சுகிறது என்ற கேள்வியை அவன் தன் தொண்டையிலிருந்து கேட்டால் நாங்கள் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவோம். நாங்கள் அவனிடம் கேட்பதோ பழைய இசைத்தட்டை.

டி.எம்.எஸ்ஸே அப்படித் தொடங்கியவர்தான். 1950 இல் 'கிருஷ்ண விஜயம்' படத்தில் அவர் பாடிய முதல் பாட்டு முழுக்க எம்.கே. தியாகராஜ பாகவதர் பாணி. அந்தக் காலத்தில் நல்ல குரல் என்றால் பாகவதர் குரல். அவர் அதிலேயே நின்றிருந்தால் மதுரையில் இன்னொரு பாகவதர் என்று பெயர் வாங்கியிருப்பார். அவர் வெளியே வந்தார். அதனால்தான் பட்டுக்கோட்டையாரின் கட்டாந்தரைத் தமிழுக்கு ஒரு முரட்டு ஆண்குரல் கிடைத்தது. டி.எம்.எஸ். மேல் உண்மையான மரியாதை வைப்பவர்கள் அவர் பாகவதரிடமிருந்து வெளியே வந்ததுபோல அவரிடமிருந்து வெளியே வர வேண்டும் என்று எண்ணுகிறேன். 2013 இல் அவர் மறைந்தபோது இங்கே எத்தனையோ அஞ்சலி நிகழ்ச்சிகள் நடந்தன. நான் போனவற்றில் எல்லாம் அவரைப் போலவே பாடினார்கள்.

சட்டம்கூட நமக்குத் தடையில்லை. பாரதியின் பாட்டு ஒரு காலத்தில் தனியார் கையில் இருந்தது. ஏ.வி.எம். செட்டியார் விலை கொடுத்து வாங்கிய உரிமை அது. ஊர் கூடிக் குரல் எழுப்பி, 1949 இல்தான் சென்னை அரசு அதை நாட்டுடைமை ஆக்கியது. பட்டுக்கோட்டையாரின் எழுத்தையும் பிற்காலத்தில் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிவிட்டது. மலேசியச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 50 ஆண்டு, இந்தியச் சட்டப்படி 60 ஆண்டு, இரண்டும் கடந்துவிட்டன. மெட்டுக்கும் ஒலிப்பதிவுக்கும் கணக்கு வேறு. எழுத்து நம்முடையது. புதிதாக மெட்டுப் போட்டு யாரும் பாடலாம். 'ஆளுக்கொரு வீடு' படத்துக்கு அவர் எழுதியதை இன்று வீட்டுமனைக்காகத் தோட்டத்தை விட்டு வெளியேற்றப்பட்டவர்கள் பாடலாம். 'இரும்புத்திரை'யில் திருச்சி லோகநாதன் பாடிய பாட்டு, கைக்கு வந்த சம்பளம் பைக்குப் போய்ச் சேராத கதை. அதை மாதக் கடைசியில் நிற்கிற எந்தக் குடும்பத் தலைவியும் பாடலாம். அவர் எழுதிய காலத்தில் இப்படிப்பட்ட பாட்டுகள் பெரும்பாலும் ஆண்குரலுக்குப் போயின. அது கவிஞர் போட்ட விதி இல்லை, படத்தில் யார் வாயசைத்தார்கள் என்பதைப் பொறுத்தது.

எனக்கு வேண்டியது இதுதான்: அறுபதைக் கடந்த ஒரு மலேசியப் பெண்குரல், பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் எழுத்து மட்டும், பத்துப் பாட்டு. ஒரு ஆர்மோனியம், ஒரு தபலா, வேண்டுமானால் ஒரு உறுமி. குரல் உடைகிற இடத்தில் உடையட்டும். தேர்ந்த பாடகிகள் நம்மிடம் இருக்கிறார்கள். வானொலியில் அரை நூற்றாண்டு பாடியவர்கள், கோயில் மேடைகளில் இளைத்தவர்கள். அவர்களை நாம் இன்னும் யாருடைய சாயல் என்றுதான் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அவர்களுடைய முதுமைக்கு ஒரு கவிஞரைக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

இதை நாலைந்து பேரிடம் சொல்லிப் பார்த்தேன். நல்ல யோசனை என்றார்கள், டி.எம்.எஸ். பாட்டைப் பெண் பாடினால் யார் கேட்பார்கள் என்றும் கேட்டார்கள். சரி, வீட்டிலிருந்தே தொடங்கலாம் என்று ஷா ஆலாமில் இருக்கும் அக்காவைத் தேடிப் போனேன். பெரியம்மாவின் மூத்த மகள். எழுபதைத் தாண்டியாயிற்று, மூட்டு வலி, சர்க்கரை. ஆனால் பேசும்போதே அந்தக் கீழ்ச்சுருதி கேட்கும்.

"எனக்கு எங்கலா பாட வரும்" என்றார். "அதுவும் டி.எம்.எஸ். பாட்டு. மெட்டே ஞாபகம் இல்ல. அம்மா பாடுனதுதான் ஞாபகம் இருக்கு."

"அதைத்தான் கேக்கிறேன் அக்கா."

"அது தப்புத் தப்பா இல்ல இருக்கும்? அம்மா பாதியில தம்பிக்குப் பதிலா என் பேரைப் போடுவாங்க."

"உன் பேரா? என் பேரைத்தானே போடுவாங்க."

"உன் பேரு எப்படி அந்த இடத்துல உக்காரும்? ரெண்டு எழுத்து நீளம். இரு, பாடிக் காட்றேன்."